ஆக்சில்-பேக், கேட்-பேக், டவுன்பைப்: வீட்டிலேயே மாட்டுவதென்றால் எது?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், பிஎம்டபிள்யூ எம்340ஐ, ஃபோர்டு மஸ்டாங் ஜிடி மாதிரி ஒரு காரை வைத்துக்கொண்டு பெங்களூரில் எக்ஸாஸ்ட் மாற்ற நினைப்பவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான். கடைசி மஃப்லரை, அதாவது சைலன்சரை, மட்டும் மாற்றுவதா (ஆக்சில்-பேக்), புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (சுருக்கமாக கேட்) பின்னால் உள்ள குழாய் முழுவதையும் மாற்றுவதா (கேட்-பேக்), இல்லை எக்ஸாஸ்ட் வாயுவில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போ வரைக்கும் போய்விடுவதா (டவுன்பைப்)? கூடவே இன்னொரு கேள்வி: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நாமே மாட்டிக்கொள்ளலாமா?

டர்போ காரில் குதிரைத்திறன் உண்மையாகவே கூடுவது டவுன்பைப்பில்தான். வீட்டில் தொடவே கூடாத வேலையும் அதுதான். வீட்டில் நிம்மதியாகச் செய்யக்கூடிய ஆக்சில்-பேக்கில் கிடைப்பது சத்தம் மட்டுமே. இந்த முரண்பாட்டை ஏற்றுக்கொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

## எதை வைத்து எடைபோடுவது

உள்ளே கேட்கும் முழக்கம். கடைக்காரர் காட்டும் வீடியோவில் இது வராது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அடைக்கிற மாதிரி ஒரே சுரத்தில் எழும் இந்தச் சத்தத்தை ட்ரோன் என்பார்கள். கணக்கு எளிது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஆர்பிஎம்மை 30-ஆலும், ஆறு சிலிண்டரில் 20-ஆலும், வி8-இல் 15-ஆலும் வகுத்தால் எஞ்சின் வெடிப்பின் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 2,400 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் எழுப்புவது 80 ஹெர்ட்ஸ்; 1,800-இல் ஆறு சிலிண்டர் எழுப்புவது 90 ஹெர்ட்ஸ். கார் கேபின் அப்படியே பிடித்துக்கொண்டு அதிரும் எல்லை இது. ஹோசூர், கிருஷ்ணகிரி தாண்டிச் சென்னைப் பக்கம் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது டாப் கியரில் எஞ்சின் நிற்பதும் ஏறக்குறைய இந்த ஆர்பிஎம்மில்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பின் சீட்டில் அம்மா இருப்பார் என்பதை இப்போதே நினைத்துப் பாருங்கள்.

வெளியே கேட்கும் சத்தம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கேட்டைச் சீக்கிரம் சூடாக்க ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஐடிலை உயர்த்தி, இக்னிஷனைத் தாமதப்படுத்தும். கேட் வேலை செய்யத் தொடங்க 250 முதல் 300 டிகிரி வேண்டும். அந்த முதல் நிமிடம்தான் எந்த எக்ஸாஸ்டுக்கும் அதிகச் சத்தமான நேரம். காலை ஆறு மணிக்கு பேஸ்மென்ட்டில் அது நான்கு மாடிக்குக் கேட்கும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குதிரைத்திறன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் இந்த இழப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறது; எந்த மஃப்லரும் அதைத் திருப்பித் தராது. டர்போ எஞ்சின் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டுகிறது. அதனால் டர்போவுக்குப் பின்னால் வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பது இங்கே கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம்.

இணைப்பு எங்கே இருக்கிறது. போல்ட் போட்ட ஃபிளாஞ்ச்சா (தட்டு இணைப்பு), சுற்றி இறுக்கும் கிளாம்ப்பா, வெட்டினால்தான் கழலுமா? வீட்டிலா ஒர்க்‌ஷாப்பிலா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. சத்தமும் புகையும் வரம்பை மீறினால் 190(2): முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், லைசன்ஸும் மூன்று மாதம் போகலாம். பயணிகள் காருக்கான பாஸ்-பை சத்த வரம்பு, அதாவது கார் கடந்து போகும்போது அளப்பது, 74 டெசிபல். ஐரோப்பிய அங்கீகாரமான இ (E) முத்திரை குத்திய மஃப்லர் பெரும்பாலும் கம்பெனி மஃப்லருக்குப் பக்கத்தில் நிற்கும் அளவு அமைதியாக இருக்கும். ஆனால் அந்த முத்திரை இந்திய அனுமதி ஆகிவிடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தலைவலி, வாரன்ட்டியும் அப்படியே.

பழையபடி மாற்ற முடியுமா. வெட்டாமல் கழற்றிய சாமானைத் திரும்ப மாட்டலாம். வெட்டியதை அவ்வளவு சுலபமாக முடியாது.

## ஒரே பார்வையில்

| | மஃப்லர் டிலீட் | ஆக்சில்-பேக் | கேட்-பேக் | டவுன்பைப் |
|---|---|---|---|---|
| மாறுவது | மஃப்லருக்குப் பதில் வெறும் குழாய் | பின் மஃப்லர், டிப் (வெளியே தெரியும் குழாய் முனை) | கேட்டுக்குப் பின் எல்லாம் | டர்போவிலிருந்து முதல் கேட் வரை |
| திறன் | இல்லை | இல்லை என்றே சொல்லலாம் | சிறிதளவு, மேல் ஆர்பிஎம்மில் | தெளிவாகத் தெரியும், ட்யூனோடு (ஈசியு மென்பொருள் மாற்றம்) |
| ட்ரோன் அபாயம் | மிக அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | ரெசோனேட்டரை (நடுக்குழாயில் ட்ரோனை அடக்கும் டப்பா) பொறுத்தது | கூடும் |
| வீட்டில் முடியுமா | முடியாது, வெல்டிங் வேண்டும் | முடியும், அரை நாள் | சில கார்களில், ஒரு முழு நாள் | வேண்டாம் |
| எமிஷன் டெஸ்ட் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | கேட் இல்லாவிட்டால் தேறுவது கடினம் |
| திரும்ப மாற்றுவது | மீண்டும் வெல்டிங் | சுலபம் | வெட்டாமலிருந்தால் சுலபம் | உழைப்பு இரட்டிப்பு |

## மஃப்லர் டிலீட்

சிவாஜிநகர் பக்கம் ஒரு வெல்டரிடம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் மலிவான வழி. சாலையில் ஓட்டும் காருக்கு இது வேண்டாம். சட்டப்படி சைலன்சரையே எடுத்துவிட்ட வண்டி அது. போலீஸ் நிறுத்தினால் வாதாட ஒன்றுமில்லை. ட்ரோன் தாங்காமல் திரும்ப மஃப்லர் வைக்கும்போது செலவு இரட்டிப்பாகிறது. டிராக் நாளுக்கு மட்டும் ட்ரெய்லரில் ஏற்றிப் போகிற காருக்கு வேண்டுமானால் சரி.

## ஆக்சில்-பேக்

பின் ஆக்சிலுக்குப் பின்னால் உள்ள மஃப்லரும் டிப்பும் மட்டும் மாறும். நடுவில் உள்ள கம்பெனி ரெசோனேட்டர் அப்படியே இருப்பதால் ட்ரோன் ஓரளவு கட்டுக்குள் நிற்கும். திறன் கூடும் என்று விளம்பரம் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். அந்த இடத்துக்கு வரும்போது வாயு குளிர்ந்து சுருங்கியிருக்கும். அங்கே பெரிய அடைப்பு ஏதும் கிடையாது.

மறைமுகச் செலவுகள் மூன்று. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் எடைபோடுவது பெட்டியின் பருமனை: நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 120 × 50 × 30 பெட்டி, உள்ளே 14 கிலோ இருந்தாலும், 36 கிலோவாகக் கணக்காகும். சுங்க வரியும் இந்தக் கட்டணத்தைச் சேர்த்த மதிப்பின் மேல்தான் விழும். இரண்டாவது, எலெக்ட்ரிக் வால்வ். எம்340ஐ மாதிரி கார்களில் கம்பெனி மஃப்லரில் சத்தத்தைத் திறந்து மூடும் ஒரு மோட்டார் இருக்கும். புது மஃப்லரில் அதற்கு இடமில்லை என்றால் வயரைக் கழற்றியதும் ஈசியுவில் பிழை பதிவாகும். பழைய மோட்டாரைப் பொருத்த இடம் உள்ள மாடலைப் பாருங்கள், இல்லாவிட்டால் மோட்டார் இன்னும் இருப்பதாக ஈசியுவை நம்பவைக்கும் சிமுலேட்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டும். மூன்றாவது, எஃகின் ரகம். 304 ஸ்டெயின்லெஸில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும்; 409-இல் குரோமியம் சுமார் 11 சதவீதம், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. மும்பை, சென்னை உப்புக் காற்றில் 409 மேலே துரு பூக்கும். பெங்களூரிலேயே ஓடும் காருக்கு 409 தாராளமாகப் போதும். 304-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது இங்கே பெரும்பாலும் அழகுக்குத்தான்.

யாருக்கு: தினமும் ஆபீஸ், மாதம் ஒரு முறை நந்தி ஹில்ஸ், வருடம் சில முறை ஊர் என்று ஓட்டுபவருக்கு. அடுத்த சில வருடங்களில் காரை விற்கப்போகிறவருக்கும்.

## கேட்-பேக்

கேட்டுக்குப் பின்னால் தொடங்கி டிப் வரை எல்லாமே மாறும். சத்தத்தின் குணமே மாறுவது இங்கேதான். காரணம், ரெசோனேட்டரும் சேர்ந்து மாறுகிறது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி குழாய் விட்டம் அல்ல. ரெசோனேட்டர் இருக்கிறதா, அதன் நீளம் என்ன என்பதுதான். மூன்று அங்குல, அதாவது 76 மி.மீ. குழாயில் ரெசோனேட்டர் இல்லாத கிட், இரண்டு லிட்டர் டர்போவில் ஊர்ப் பயணத்தைத் தண்டனையாக்கிவிடும்.

வாங்கிய பிறகு ட்ரோன் வந்தால் தீர்வு உண்டு. ஒரு முனை மூடிய கிளைக் குழாய் ஒன்றைப் பற்றவைத்தால் அந்த ஒரு சுரம் மட்டும் அடங்கும். அதன் நீளம், ஒலிவேகத்தை ஹெர்ட்ஸின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். 300 டிகிரி வாயுவில் ஒலிவேகம் விநாடிக்குச் சுமார் 480 மீட்டர். 80 ஹெர்ட்ஸுக்கு 1.5 மீட்டர் குழாய் தேவை. தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் ஒன்றரை மீட்டர் குழாய்க்கு இடம் தேடுவது தனி வேலை. அதற்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சேர்த்துக்கொள்வதில்லை.

வீட்டில் செய்வதற்கு இரண்டு தடை. பல கார்களில் கம்பெனி எக்ஸாஸ்ட் கேட்டிலிருந்து மஃப்லர் வரை ஒரே துண்டு; பின் சஸ்பென்ஷனுக்கு மேலே வளைந்து போவதால், வெட்டாமல் வெளியே வராது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் கம்பெனியே வெட்டும் இடத்தை மூன்று சிறு குழிகளால் குறித்திருக்கும். நடுக்குழியில் வெட்டி, பின்னாளில் ஸ்லீவ் (மேலே பொருந்தும் இணைப்புக் குழாய்) போட்டுச் சேர்க்கலாம். ஆங்கிள் கிரைண்டரைப் பெட்ரோல் டேங்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹேக்ஸா பிளேடால் அரை மணி நேரம் அறுப்பது மேல். இரண்டாவது தடை உயரம்: முழு நீளக் குழாயை அடியிலிருந்து இழுக்க நான்கு ஜாக் ஸ்டாண்டில் காரை 40 செ.மீ.க்கு மேல் தூக்க வேண்டும். முதல் முறை ஸ்பானர் பிடிப்பவருக்கு இது நல்ல ஆரம்பமல்ல.

இன்னொன்று, பெங்களூருக்கே உரியது: ஸ்பீடு பிரேக்கர். கிட்டின் நடுக்குழாயோ கிளாம்ப் போல்ட்டோ காரின் அடிப்பகுதிக்குக் கீழே ஒரு செ.மீ. தொங்கினாலும் லேஅவுட் ஹம்ப் ஒவ்வொன்றிலும் உரசும். கிளாம்ப் நட்டை எப்போதும் பக்கவாட்டில் அல்லது மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

யாருக்கு: மஸ்டாங் மாதிரி வி8 வைத்திருப்பவருக்கு, வார இறுதிக்கு மட்டும் எடுக்கும் காருக்கு, ஃபிளாஞ்ச் இணைப்புள்ள காருக்கு. மற்றவர்கள் கிட்டை வாங்கி, லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் கொடுத்து மாட்டிக்கொள்வது நல்லது.

## டவுன்பைப்

டர்போவின் வெளிவாயில் அழுத்தம் குறைந்தால் டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் கூடும். டர்போ சீக்கிரம் சுழலும். பலன் நிஜம். அதற்கான விலைப் பட்டியல்தான் நீளம்.

கம்பெனி கேட்டில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 அறைகள். ஹை-ஃப்ளோ கேட்டில் பெரும்பாலும் 200. அறை குறைந்தால் சுத்திகரிப்பும் குறையும். பின்னால் உள்ள ஓ2 (ஆக்சிஜன்) சென்சார் அதைக் கண்டுபிடித்து பி0420 பிழையோடு எஞ்சின் விளக்கை ஏற்றும். சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் விற்கிறார்கள். அது விளக்கை மட்டும் அணைக்கும், புகையை அல்ல. கேட்டே இல்லாத டவுன்பைப் இங்கே சட்டவிரோதம். எமிஷன் டெஸ்டில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் வருவதும் கடினம். பி.எஸ்.6 புகை விதிக்குப் பின் வந்த நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்கள் சிலவற்றில் துகள் ஃபில்டரும் உண்டு. ஃபில்டர் இல்லாத மாடலுக்கான கிட்டை வரவழைத்தால் ஃபிளாஞ்ச்சும் விட்டமும் ஒத்துவராது. இடப்பக்க ஸ்டியரிங் காருக்கு வார்த்த டவுன்பைப், நம் காரின் ஸ்டியரிங் ஷாஃப்ட்டில் முட்டும் வாய்ப்பும் இருக்கிறது.

வேலையும் இடக்கானது. ஆக்டேவியா ஆர்எஸ் எஞ்சினில் டர்போ, எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) நடுவில் இருக்கிறது. கை நுழைய இடமில்லை. ஓ2 சென்சாரை வயர் நுழைய வெட்டு விட்ட 22 மி.மீ. சாக்கெட்டால் கழற்றும்போது திரெட் கெட்டால் புது சென்சார். டர்போ ஸ்டட் (தலையில்லாமல் பதிந்திருக்கும் போல்ட்) உடைந்தால் டர்போவையே இறக்க வேண்டியிருக்கும். டர்போ பக்க இணைப்பு கசிந்தால் சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்துவிட்டதாக ஈசியு நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜும் போகும், கேட்டும் போகும்.

யாருக்கு: டிராக்கில் ஓட்டி, நல்ல ட்யூனருக்கும் பணம் ஒதுக்கியவருக்கு. அவரும் லிஃப்ட்டில்தான் செய்ய வேண்டும்.

## ஆக்சில்-பேக்கை வீட்டில் மாட்டுவது

இடத்தில் தொடங்குவோம். சரிவில்லாத சிமெண்ட் தரை வேண்டும். இன்டர்லாக் கல் தரையானால் ஜாக் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் வையுங்கள், இல்லாவிட்டால் கால் கல்லுக்குள் இறங்கும். பின்பக்கம் மட்டும் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை நம்பக் கூடாது. அது பிடிப்பது பின் சக்கரங்களை, அவை அந்தரத்தில் தொங்கும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

தேவையானவை: தாழ்ந்த முகப்பு ஃப்ளோர் ஜாக், மூன்று டன் ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஹேங்கர் ரப்பர் (மஃப்லரைத் தொங்கவிடும் ரப்பர்) கழற்றும் பிளையர், இறுகிய நட்டை இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில், புது கேஸ்கெட்டும் கிளாம்ப்பும், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. ஜே.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். கூடவே ஒரு ஆள். கம்பெனி மஃப்லர் சில கார்களில் 20 கிலோ வரை போகும். மல்லாந்து படுத்துத் தனியாகப் பிடிக்க முடியாது.

முந்தைய மாலை, எக்ஸாஸ்ட் ஆறிய பிறகு நட்டுகளில் பெனட்ரேட்டிங் ஆயில் அடியுங்கள், காலையில் மறுபடியும். கழற்றுமுன் டிப்புக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து போட்டோ எடுங்கள். மஃப்லருக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கைக் கொடுத்துவிட்டு, முதலில் கிளாம்ப், கடைசியில் ஹேங்கர் ரப்பர். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும். கிளாம்ப் கழன்றும் குழாய் வரவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, இடம் வலமாகத் திருகி இழுங்கள். நேராக இழுத்தால் வராது.

புது மஃப்லரை முதலில் ஹேங்கர்களில் தொங்கவிட்டு, எல்லா இணைப்பையும் கையிறுக்கமாக மட்டும் வையுங்கள். பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். பின்னிருந்து தொடங்கினால் டிப் கோணலாகி, கழற்றி மறுபடி மாட்ட வேண்டிவரும். எம்8 நட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 45. கிட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

டிப்பைக் குளிர்ந்த நிலையில் பம்பர் விளிம்போடு சமமாக வைக்காதீர்கள். 304 குழாய் 300 டிகிரி சூடேறும்போது மீட்டருக்கு 5 மி.மீ. நீளும், மூன்று மீட்டர் குழாய் பின்னோக்கி 15 மி.மீ. வரும். சுற்றிலும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி விட்டு, டிப்பை அந்த அளவுக்கு உள்ளே தள்ளி வையுங்கள். பம்பர் பிளாஸ்டிக் உருகுவது இந்தக் கணக்கை விட்டுவிடும்போதுதான்.

மூடிய பேஸ்மென்ட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காரை வெளியே எடுத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா பாருங்கள். குளிரில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றுவிடும் சத்தம் கசிவின் அறிகுறி. முதல் பத்து நிமிடம் லேசான புகையும் நாற்றமும் வந்தால் பயப்பட வேண்டாம். குழாய் வளைக்கும்போது பூசிய எண்ணெய் எரிகிறது. சுமார் 100 கி.மீ. ஓட்டிய பிறகு, எக்ஸாஸ்ட் முழுக்க ஆறியதும், எல்லா நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.

நட்டின் முனைகள் தேய்ந்து உருண்டு, ஸ்டட் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, எல்லாவற்றையும் பழையபடி இறுக்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போங்கள். உடைந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுக்கும் கூலி, முதலிலேயே லிஃப்ட்டில் மாட்டியிருந்தால் ஆகியிருக்கும் கூலியைத் தாண்டிவிடும்.

கழற்றிய கம்பெனி மஃப்லரை குஜிரியில், அதாவது பழைய சாமான் கடையில், போட்டுவிடாதீர்கள். விற்கும்போதும், இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதும் தேவைப்படும். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, இரு முனையையும் துணியால் அடைத்து, பழைய கேஸ்கெட், போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு அதோடேயே கட்டி வையுங்கள்.